கிதார் ஆம்பிளிபையரும் அதன் இரு வால்வுகளும்

அமெரிக்க நாட்டுப் பெண்டர் கம்பெனியார் 1950-ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட பாஸ்மன் என்னும் ஆம்பிளிபையர், பாஸ் கிதாருக்கென்று செய்யப்பட்டதாயினும், ஏனைக் கிதார் வாசிப்போரே அதனைப் பெரிதும் விரும்பிக் கைக்கொண்டனர். இலண்டனில் ஜிம் மார்ஷல் என்பார் 1962-இல் தம் முதல் ஆம்பிளிபையரைச் செய்வித்ததும் அதனை மாதிரியாகக் கொண்டே. யாமும் இல்லத்திலிருந்தே ஒன்று செய்யத் துணிந்தபோது அவ்வமைப்பையே தெரிந்துகொண்டோம். ஈயம் பற்றவைத்து முடித்தலில் பெரிய வித்தை யாதுமில்லை. பொறுமையுடையார் எவரும் செய்யலாம். முடித்தபின் வால்வுகளை நெறிப்படுத்துதலே அறிவையும் அச்சத்தையும் ஒருங்கே வேண்டுவது.

எமது டிரான்ஸ்பார்மர் 220 வோல்ட்டுக்குச் சுற்றப்பட்டது. எம் தெருவின் மின்சாரமோ நள்ளிரவில் 242 வோல்ட்வரை ஏறும். இருபத்திரண்டு வோல்ட்தானே என்று எண்ணலாகாது. அது பத்தில் ஒரு பங்கு. அப்பங்கு யந்திரத்தினுள் எங்கும் பெருகும். வால்வின் இழைக்கு 6.3 வோல்ட் செல்லவேண்டிய இடத்தில் 6.9 வோல்ட் சென்றது. 430 இருக்கவேண்டிய பிளேட்டில் 474 நின்றது. இந்நிலையில் பயஸைத் திருத்துவது சாய்ந்த மேசையில் தராசை நிறுத்துவது போலாகும். ஆகவே கடைகளில் எளிதிற் கிட்டும் 12-0-12 டிரான்ஸ்பார்மர் ஒன்றை வாங்கி, அதன் 24 வோல்ட் சுற்றை மின்சார வழியில் எதிர்முகமாகத் தொடுத்தோம். 242 ஏறக்குறைய 218 ஆயிற்று. செலவு சிறிது, பயன் பெரிது. ஆனால் அச்சிறு சுற்றும் அப்பொழுது வீட்டு மின்சாரத்தோடு நேரே இணைந்ததாகிவிடுதலின், கை படாதவாறு பெட்டிக்குள் அடைத்தல் இன்றியமையாதது.

இனிப் பயஸ். ஒலி யாதும் இல்லாதபோதும் வால்வினுள் சிறிது மின்னோட்டம் செல்லவேண்டும். அதனை அளவிடுவது கிரிட்டுக்கு யாம் கொடுக்கும் எதிர் அழுத்தம். எதிர் அழுத்தம் மிகுந்தால் மின்னோட்டம் குன்றும்; மெல்லிய சுரங்கள் கரகரத்துக் கேட்கும். அது குறைந்தால் மின்னோட்டம் மிகும். பிளேட் செந்தணலாகிச் சில நிமிடங்களில் வால்வு பாழாம். யாம் இட்ட 6எல்6ஜீசி வால்வின் பிளேட் 30 வாட் தாங்கும். ஓய்வில் அதில் நூற்றுக்கு எழுபது பங்கே மேல்வரம்பு என்பது இத்தொழிலோர் கொண்ட வழக்கு. அஃதாவது 21 வாட். 430 வோல்ட்டுக்கு ஏறக்குறைய 48 மில்லிஆம்பியர்.

அளப்பதற்கு வழி எளிது. ஒவ்வொரு வால்வின் கேதோடுக்கும் தரைக்கும் இடையே ஓர் ஓம் ரெசிஸ்டன்ஸ் வைத்தால், அதன் மேல் மீட்டர் காட்டும் மில்லிவோல்ட்டே மில்லிஆம்பியர் ஆகும். ஸ்கிரீன் மின்னோட்டமும் அதிற் சேர்ந்திருப்பது உண்மையே. எனினும் அப்பிழை நம்மைக் காக்கும் பக்கத்ததாதலின் கவலையில்லை.

பழைய பாஸ்மனில் பயஸைத் திருப்பும் குமிழ் கிடையாது. யாம் ஒன்றைச் சேர்த்தோம். அதன் உள்தொடர்பு எப்போதேனும் அறுபடின் எதிர் அழுத்தம் மிகுமாறு இணைத்தல் வேண்டும். மாறி இணைத்தால் ஒரு தூசியே இரண்டு வால்வுகளையும் எரித்துவிடும். முதலில் எதிர் 60 வோல்ட்டில் வைத்துத் தொடங்கினோம். ஒலி வறண்டு உடைந்து கேட்டது. சிறிது சிறிதாகத் திருப்புந்தோறும் மின்னோட்டம் ஏறியது, பிளேட் வோல்ட் இறங்கியது. ஒன்றைத் திருத்தினால் மற்றொன்று அசையும் இயல்பினதாகையால், திருப்பியபின் ஐந்து நிமிடம் பொறுத்து இரண்டையும் மீண்டும் அளத்தலே முறை.

வேலை முழுவதும் ஸ்பீக்கர் இணைந்தே இருத்தல் வேண்டும். இன்றேல் ஒலி செல்லும்போது வெளியீட்டு டிரான்ஸ்பார்மர் கெடும். அளக்குங்கால் ஒரு கையை முதுகுப்புறம் வைத்துக்கொண்டோம். இதனைக் கண்டு நகைத்த நண்பர் ஒருவர், மின்சாரத்தை நிறுத்திய பின்னரும் கண்டென்சரில் நானூறு வோல்ட்டுக்கு மேல் நிற்பதை மீட்டரிற் கண்டு நகைப்பை நிறுத்தினார். அதனை ரெசிஸ்டன்ஸ் வழியாக வடித்து, சுழியாயிற்று என்று அளந்தறிந்த பின்னரே உள்ளே கை வைத்தல் தகும்.

முடிவில் ஒரு வால்வு 36, மற்றொன்று 40 மில்லிஆம்பியர் காட்டின. 48 வரை ஏற்றினால் ஒலி இன்னும் இனிக்கும் என்பார் உளர். யாம் ஏற்றிக் கேட்டோம். வால்வுகளின் சூடு மிகுந்ததேயன்றிச் செவிக்கு வேற்றுமை புலப்படவில்லை. பழைய இடத்திற்கே குமிழைத் திருப்பி மூடியை முடுக்கினோம்.