பகலில் பார்த்த ஊர்

‘பெற்றோருக்கு அக்கறை இல்லை.’ ராசிங்காபுரத்தில் நடத்திய மாலை வகுப்பைப் பற்றி நான் அனுப்பிய அறிக்கையில் இப்படி ஒரு வரி எழுதினேன். யாரும் சொல்லிக்கொடுத்து எழுதவில்லை, நம்பித்தான் எழுதினேன். அது உண்மையல்ல. அதனால் பிள்ளைகள் நஷ்டப்பட்டார்கள்.

சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவள் நான். தமிழ் பேசுவேன் என்பதால் ஒரு தொண்டு நிறுவனம் என்னைப் போடிப் பக்கம் அனுப்பியது. போடியிலிருந்து தேவாரம் போகும் சாலையில் இருக்கிறது ராசிங்காபுரம். மேற்கே மலை. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தின் இடுக்கி மாவட்டம், ஏலத்தோட்டங்கள். பகல் பதினொரு மணிக்குத் தெருவில் நடந்தால் திண்ணையில் வயசாளிகளும் நிழலில் ஆடுகளும்தான் கண்ணில் படும். பஸ் எப்போது என்று கேட்டால் “வரும்” என்பார்கள். வந்த சில வாரங்களிலேயே எனக்கு எரிச்சல் முட்டியது. இது மெத்தனமான ஊர், இங்கே எவருக்கும் அவசரமில்லை என்று முடிவு கட்டிவிட்டேன். மாலை நாலரைக்குப் பெற்றோர் கூட்டம் வைத்தேன். பாட்டிகள் சிலர் மட்டும் வந்தார்கள். மறுபடி வைத்தேன், அப்போதும் அப்படியே.

ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி தினமும் பிந்தித்தான் வருவாள். வந்தாலும் புத்தகத்தின் மேல் தலை சாய்த்துத் தூங்கிவிடுவாள். ஒருநாள் எல்லார் முன்னாலும் எழுப்பி நிறுத்தி, “உங்க வீட்டுல யாருக்கும் நேரத்தோட அருமை தெரியாதா?” என்று கேட்டேன். அவள் வாய் திறக்கவில்லை. மறுநாளிலிருந்து வரவுமில்லை. வருகைப் பதிவேட்டில் அவள் பெயரை அடித்தேன்.

அறிக்கையை அனுப்பிய பிறகு, குடியிருந்த வீட்டு அப்பத்தாவிடம் ஊரைப் பற்றிக் குறைபட்டுக்கொண்டேன். “பகல்ல ஊருல ஆளு எங்க தாயி இருக்கு? விடியுமுன்ன எந்திரிச்சுப் பாரு” என்றார்.

எழுந்து பார்த்தேன். இருட்டில் தெருமுனையில் ஜீப்புகள் நின்றன. ஒவ்வொருவர் கையிலும் தூக்குவாளி. பெண்கள் சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை போட்டிருந்தார்கள். முண்டியடித்து ஏறி, நெருக்கி உட்கார்ந்தார்கள். முந்தல் வழியாகப் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, போடிமெட்டைத் தாண்டி, பூப்பாறை, சாந்தம்பாறைத் தோட்டங்களுக்குப் போகும் வண்டிகள் அவை. பொழுது சாய்ந்த பிறகுதான் திரும்பும். நான் பகலில் பார்த்தது, வேலைக்குப் போனவர்கள் நீங்கலாக மிச்சமிருந்த ஊரை.

பிறகு ஒருநாள் அவர்களோடு நானும் மலைக்குப் போனேன். ஏலச்செடியில் காய் உச்சியில் தொங்காது. தூரிலிருந்து கிளம்பும் சரங்கள் தரையோடு படர்ந்து கிடக்கும், காய் அதில்தான். குனிந்தும் குத்தவைத்தும் முற்றிய காயை மட்டும் கிள்ள வேண்டும், பிஞ்சை விட்டுவிட வேண்டும். மாதம், ஒன்றரை மாதம் கழித்து அதே செடிக்குத் திரும்பி வந்து அடுத்த காயை எடுப்பார்கள். இலையை விலக்குவதும் காயைக் கிள்ளுவதும் எனக்குத் தனித்தனி வேலையாக இருந்தன, அவர்கள் விரல்களுக்கு ஒரே அசைவு. காலில் அட்டை ஏறினால் புகையிலையை வைத்துத் தேய்த்துவிட்டு அடுத்த செடிக்கு நகர்ந்தார்கள். பச்சைக்காய் ஐந்து கிலோ காய்ந்தால் ஒரு கிலோ தேறும். 2019 ஆகஸ்டில் புத்தடி ஏல மையத்தில் அந்த ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை போனது. அத்தனை விலை போகும் காயை நாளெல்லாம் குனிந்து எடுப்பவர்களைத்தான் நான் மெத்தனக்காரர்கள் என்று நினைத்திருந்தேன்.

நான் போன ஜீப்பில், வகுப்புக்கு வராமல் நின்றுவிட்ட அந்தப் பிள்ளையின் அம்மாவும் இருந்தார். அம்மா கிளம்பும்போதே பிள்ளையும் எழுந்துவிடுவாளாம். சோறு பொங்கி, தண்ணீர் பிடித்து வைத்து, தம்பியைக் கிளப்பிவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவாளாம். “டீச்சரு, புள்ள வகுப்புக்கு வரமாட்டேங்குது. என்னான்னு தெரியல, நீங்க ஒரு வார்த்தை கூப்பிட்டுப் பாருங்க” என்றார். அக்கறையில்லாத பெற்றோர் என்று நான் எழுதியவர்களில் அவரும் ஒருவர். “கூப்பிடுறேன்க்கா” என்றேன். விரட்டியது நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டுப் பார்த்தேன், அவள் வெளியே வரவில்லை.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்று உண்டு. அறிக்கையைத் திருத்தி அனுப்ப எனக்கு நேரமிருந்தது. திருத்தினால், விசாரிக்காமல் எழுதியவள் என்று பெயர் வருமே என்று பயந்து அப்படியே விட்டுவிட்டேன். அடுத்த கல்வியாண்டில் மாலை வகுப்பை வேறு ஊருக்கு மாற்றினார்கள். பெற்றோர் ஒத்துழைப்பு இல்லை என்பதும் காரணங்களில் ஒன்று என்றார்கள். அந்தக் காரணத்தை எழுதிக் கொடுத்தவள் நான்.

மலையடிவாரத்து ஊர்களுக்குத் தொண்டு செய்ய வருகிறவர்களே, பகலில் பார்த்ததை வைத்து ஊரைப் பற்றி எழுதாதீர்கள். ஜீப்புகள் திரும்பி, அடுப்பு வேலை முடிந்த பிறகு பெற்றோர் கூட்டம் வையுங்கள். அந்த நேரம் உங்களுக்குத் தோதுப்படாது என்றால், உங்கள் நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.