மெஷின் சொன்னதும், நான் சொன்னதும்

ரெண்டு நெஞ்சுவலிக் கதை சொல்றேன் மக்களே. ரெண்டுமே எங்க மாப்பிள்ளையூரணி வீட்டுக் கதைதான்.

முதலாவது தம்பியோடது. வயசு 26. வாலிபால் ஆடிட்டு வந்தவன் நெஞ்சு குத்துதுன்னான். இ.சி.ஜி. எடுத்தா, மாரடைப்பா இருக்கலாம்னு மெஷினே தாள்ல அச்சடிச்சிட்டு. அம்மா அழ ஆரம்பிச்சிட்டாங்க. டாக்டர் மட்டும் பதறல. "முன்னாடி எப்பவாவது எடுத்திருக்கியாப்பா?"ன்னு கேட்டார். வெளிநாட்டு வேலைக்காக எடுத்த தாள் பீரோவுல கிடந்தது. ஓடிப்போய்க் கொண்டு வந்தேன். ரெண்டும் அச்சு அசல் ஒண்ணுதான்!

விஷயம் இதுதான். கோட்டில் எஸ்.டி. என்கிற பகுதி மேலே ஏறினால் மாரடைப்பைச் சந்தேகிப்பார்கள். ஆனா ஆரோக்கியமான இளவட்டங்கள் பலருக்கு அது இயல்பாவே கொஞ்சம் ஏறித்தான் இருக்குமாம். இதய உறை அழற்சியிலும் ஏறும், அது பெரும்பாலான லீடுகளில் பரவலாக ஏறும். மாரடைப்பில், அடைபட்ட ரத்தக்குழாய்க்குரிய லீடுகளில் ஏறி, எதிர்ப்பக்க லீடுகளில் பெரும்பாலும் இறங்கும். திரும்பத் திரும்ப எடுத்தால் கோடு மாறும். தம்பிக்கு மாறல. ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் நார்மல். வெறும் தசைப்பிடிப்பு.

அதோட நான் அரை டாக்டர் ஆயிட்டேன். வினையே அங்கதான்.

ரெண்டாவது, உப்பளத்துல வேலை பாக்குற மாமா. வயசு 54. "கேஸ்தான் மருமவனே"ன்னு சோடா குடிச்சவரை இழுத்துட்டுப் போனேன். இ.சி.ஜி. நார்மல். "வாங்க மாமா, வீட்டுக்குப் போவோம்"னு கிளம்பிட்டேன். நர்ஸ் அக்கா விடல. "வேர்வை இன்னும் நிக்கலையே, பாக்கலியா? இருங்க, இன்னொண்ணு எடுப்போம்."

இருபது நிமிஷத்துல எடுத்த அடுத்த தாள்ல, கீழ்ப்பக்கச் சுவருக்கான 2, 3, ஏ.வி.எஃப். மூணுலயும் ஏறியிருந்தது. ஏ.வி.எல்.ல இறங்கியிருந்தது. சந்தேகமே இல்ல, மாரடைப்பு. உடனே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாடின் கொடுத்து ஆம்புலன்ஸ்ல ஏத்தினாங்க. 2023-ல் தமிழக அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே கொடுக்கும் அதே மூணு மாத்திரைகள்தான்.

மாமா பிழைச்சிட்டார். நான் கூட்டிட்டுப் போயிருந்தா?

ரெண்டு விஷயம் மட்டும் மனசுல வைங்க. பழைய இ.சி.ஜி. தாளைத் தூக்கிப் போடாதீங்க. நாளாக நாளாக அது மங்கிடும், செல்போன்ல படம் எடுத்து வைங்க. முதல் தாள் நார்மல்னாலும், வலி இருந்தா கிளம்பாதீங்க.

மாமா இப்பவும் என்னைப் பாத்தா, "டாக்டரே, வீட்டுக்குப் போவமா?"ங்காரு. எனக்குத்தான் சிரிப்பு வர மாட்டேங்குது.