வெறுங்கையோட வந்தாலும் பரவாயில்ல... வந்துரு வாப்பா!

ராத்திரி பத்து மணி ஆனால் ஏர்வாடி தர்கா வீதியில் கடைகள் ஒவ்வொன்றாக அடைத்துவிடும். பூவும் ஊதுபத்தியும் சர்க்கரைப் பொட்டலமும் விற்கும் அந்தச் சின்னக் கடையை மட்டும் அந்த அம்மா அடைக்க மாட்டார். போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இங்கே பத்து என்றால் மலேசியாவில் பன்னிரண்டரை. மகனுக்கு வேலை முடிகிற நேரம். போன் வந்தால்தான் ஷட்டர் இறங்கும். வராத நாளில் அவருக்குத் தூக்கம் கிடையாது.

2022 கடைசியில் கிளம்பியவன். கோலாலம்பூர் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை என்று சொன்னார் ஊருக்குத் தெரிந்த ஏஜென்ட். "டூரிஸ்ட் விசாவுல போகட்டும். போய் இறங்குனதும் முதலாளி பெர்மிட் போட்டுக் குடுத்துருவாரு" என்றார். அதற்கு ஒன்றே கால் லட்சம். அம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது. மீதியை வட்டிக்கு வாங்கினார்கள்.

போன முதல் நாளே, 'பெர்மிட் போடணும்' என்று பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார் முதலாளி. பெர்மிட் வரவில்லை. பாஸ்போர்ட்டும் திரும்பி வரவில்லை. விசா முடிந்த மறுநாளிலிருந்து அவன் சட்டத்தின் கண்ணில் குற்றவாளி. வேலை மட்டும் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் நடந்தது.

மலேசியக் குடிநுழைவுச் சட்டம் முதலாளியையும் சும்மா விடுவதில்லை. பெர்மிட் இல்லாத ஓர் ஆளை வேலைக்கு வைத்தால் 10,000 முதல் 50,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். நம் பணத்தில் ஏறக்குறைய இரண்டு லட்சத்திலிருந்து பத்து லட்சம். அதுவும் ஆள் ஒன்றுக்கு. ஐந்து பேருக்கு மேல் வைத்திருந்தால் ஆறு மாதம் முதல் ஐந்து வருடம் வரை சிறை, பிரம்படியும் உண்டு. அடுத்தவர் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைப்பதும் அங்கே குற்றம்தான். ஆனால், புகார் கொடுக்கப் போகிறவனே விசா முடிந்தவன் என்றால், அவன் எந்த வாசலில் போய் நிற்பான்?

2024-ல் ஒருநாள் ராத்திரி போன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள்தான் பேசினான். அடுத்த தெருக் கடையில் ரெய்டு. வேலைக்காரர்களை வரிசையாகத் தரையில் உட்கார வைத்து, காகிதம் கேட்டு, இல்லாதவர்களை லாரியில் ஏற்றியிருக்கிறார்கள். இவன் மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறான். "ஒண்ணுமில்ல உம்மா, சார்ஜ் போயிருச்சு" என்று முதலில் பொய் சொன்னவன், பேசப் பேச அழுதுவிட்டான்.

இந்தப் பயம் அந்த வீட்டுக்குப் புதிதில்லை.

அந்த அம்மாவின் வாப்பா 1950-களில் இலங்கைக்குப் போனவர். ஒரு காலத்தில் தனுஷ்கோடியில் கப்பல் ஏறி, தலைமன்னாரில் இறங்கி, கொழும்புக்கு வேலைக்குப் போவது இந்தக் கடற்கரைக்குச் சாதாரண விஷயம். 1948-ல் இலங்கை குடிவரவுச் சட்டம் கொண்டுவந்த பிறகு அந்த வழி இறுகிவிட்டது. காகிதம் கிடைக்காதவர்கள் இரவில் தோணி ஏறினார்கள். 1952-ல் அவர்களைத் தடுக்க இலங்கை அரசு ராணுவத்தையே கடற்கரையில் இறக்கியது. 'ஆபரேஷன் மான்ட்டி' என்று அதற்குப் பெயர். 'கள்ளத்தோணி' என்ற சொல் அந்தக் காலத்தில்தான் வசையாக மாறியது. தோணியே ஏறாத, அங்கேயே பிறந்து வளர்ந்த மலையகத் தமிழர்கள் மீதும் அதே சொல் வீசப்பட்டது.

அவரும் அப்படி ஒரு தோணியில் போனவர்தான். கொழும்பில் ஒரு கடையில் எட்டு மாத வேலை. சம்பளத்தை, "மொத்தமா வாங்கிக்க" என்று முதலாளி நிறுத்தி வைத்திருந்தார். மொத்தமாக வாங்குவதற்குள் போலீஸ் வந்துவிட்டது. உடுத்திய கைலியோடு இந்தக் கரைக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்.

அவர் நேராக வீட்டுக்கு வரவில்லை. வெறுங்கையோடு எப்படிப் போய் நிற்பது என்ற வெட்கம். மண்டபத்தில் கருவாட்டுக் கூலிக்கு இரண்டு மாதம் நின்று, கையில் கொஞ்சம் காசு சேர்ந்த பிறகுதான் ஊர் வந்தார். மண்டபத்துக்கும் ஏர்வாடிக்கும் ஒரு நாள் பயணம்கூடக் கிடையாது. அந்த இரண்டு மாதமும் அவரைப் பெற்றவள், மகன் கடலோடு போய்விட்டான் என்று அழுதுகொண்டிருந்தாள். வயதான பிறகு இதைச் சொல்லிச் சொல்லி வருத்தப்படுவாராம்.

மகன் அழுத ராத்திரியில் அந்த அம்மாவுக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

அந்த வருடம் மார்ச் 1 முதல் டிசம்பர் 31 வரை மலேசிய அரசு ஒரு வழி திறந்து வைத்திருந்தது. விசா முடிந்து தங்கியவர்கள் தாங்களாகவே வந்து 500 ரிங்கிட் அபராதம் கட்டிவிட்டு, சொந்த டிக்கெட்டில் ஊர் திரும்பலாம். வழக்கு இல்லை, சிறை இல்லை. 500 ரிங்கிட் என்பது ஏறக்குறைய பத்தாயிரம் ரூபாய். மகனுக்கு இது முன்பே தெரியும். கூட வேலை பார்த்த இரண்டு பேர் அப்படித்தான் போயிருந்தார்கள்.

பிறகு ஏன் வரவில்லை? ஒவ்வொரு முறையும் வீட்டிலிருந்து போன கேள்வி ஒன்றுதான். "இந்த மாசம் எவ்வளவு அனுப்புவ? வட்டிக்காரர் வந்துட்டுப் போனாரு." கேட்டது அவர்தான். கடன் அடையாமல் வரக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால், அவன் காதில் அப்படித்தான் விழுந்திருக்கிறது.

அந்த ராத்திரி அவர் வேறு மாதிரி பேசினார். "கடன நான் பாத்துக்கறேன். வெறுங்கையோட வந்தாலும் பரவாயில்ல. நீ வந்துரு வாப்பா."

பாஸ்போர்ட் இல்லாததால் இந்தியத் தூதரகத்தில் அவசரச் சான்றிதழ் வாங்க அலைய வேண்டியிருந்தது. டிக்கெட்டுக்கு அம்மாவின் கம்மல் போனது. டிசம்பர் இரண்டாவது வாரத்தில் திருச்சியில் வந்து இறங்கினான், ஒரு தோள் பையோடு. கடைசி மூன்று மாதச் சம்பளம் அங்கேயே நின்றுபோனது.

வெளிநாட்டில் சட்டத்துக்கு ஒளிந்து வாழ்கிறவர்களைத் தடுத்து வைத்திருப்பது, பல நேரம் முதலாளியின் மேசை டிராயரில் இருக்கும் பாஸ்போர்ட் மட்டும் இல்லை. ஊரில் இருக்கும் கடனும், ஊர் என்ன சொல்லும் என்ற கூச்சமும்தான். மலேசியா மட்டும் இல்லை, 2013-ல் சவுதியும், 2018-லும் 2024-லும் குவைத்தும், ஐக்கிய அரபு அமீரகமும் இப்படிப் பொதுமன்னிப்புக் காலம் கொடுத்திருக்கின்றன. அந்த வாசலைத் திறப்பது அங்குள்ள அரசு. அதன் வழியாக வரலாம் என்று சொல்ல வேண்டியது இங்குள்ள வீடு.

அதைவிட முக்கியம், போகும்போதே பார்த்துப் போவது. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமலே மலேசியா போய்வரலாம். சுற்றிப் பார்க்கத்தான் அந்தச் சலுகை, வேலைக்கு இல்லை. ஏஜென்ட் மத்திய அரசில் பதிவு செய்தவரா என்று 'இ-மைக்ரேட்' இணையதளத்தில் பார்க்கலாம். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி-யும்தான். முறைப்படி குடியேற்ற அனுமதி பெற்றுப் போகும் தொழிலாளிக்கு 275 ரூபாயில் இரண்டு வருடத்துக்குப் பத்து லட்ச ரூபாய் காப்பீடு உண்டு. டூரிஸ்ட்டாகப் போகிறவருக்கு இது எதுவும் கிடையாது.

மகன் இப்போது கீழக்கரையில் ஒரு ஹோட்டலில் பரோட்டா மாஸ்டர். சங்கிலி இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது. மாதாமாதம் வட்டி போகிறது. ஊரில் சிலர், "போனவன் என்னத்தக் கொண்டு வந்தான்?" என்று கேட்கத்தான் செய்கிறார்கள்.

"உசுரக் கொண்டு வந்தான்" என்கிறார் அந்த அம்மா. பத்து மணிக்கு மற்றவர்களோடு சேர்த்து அவரும் ஷட்டரை இறக்கிவிடுகிறார்.