வானில் பறப்போரும் வயிற்றுக் கவலையும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி.)

விமானி என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது வெள்ளைச் சட்டையும், தோளில் பொன்னிறப் பட்டையும், கை நிறையச் சம்பளமும்தான். எங்கள் தென்னேரிக்கு அருகே பரந்தூரில் விமான நிலையம் அமையும் என்று 2022இல் அறிவிப்பு வந்தது. அது வேண்டுமா, வேண்டாமா என்ற வாதம் ஒருபுறம் இருக்க, ஊர்ப் பிள்ளைகள் சிலருக்கு விமானியாகும் ஆசையும் முளைத்திருக்கிறது. எங்கள் வீட்டிலோ எந்த உத்தியோகத்தைப் பற்றிப் பேசினாலும் அப்பா கேட்பது ஒன்றுதான்: "அது நிலைக்குமா?" கல்லூரிப் படியேறிய முதல் தலைமுறைக்கு அதுவே தலையாய கேள்வி அல்லவா?

1993இல் பறக்கத் தொடங்கிய ஜெட் ஏர்வேஸ் நாட்டின் முன்னணி நிறுவனமாக விளங்கியது. 2019 ஏப்ரல் 17ஆம் நாள் இரவு, அமிர்தசரசிலிருந்து மும்பைக்குப் பறந்த விமானத்தோடு அதன் கதை முடிந்தது. அதற்கு முன்பே விமானிகளுக்குப் பல மாதச் சம்பளம் பாக்கி. 2024 நவம்பரில் அந்நிறுவனத்தைக் கலைத்துச் சொத்துகளை விற்கும்படி உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2012இல் கிங்ஃபிஷரும் 2023இல் கோ ஃபர்ஸ்டும் இவ்வாறே நின்றன.

காரணம் என்ன? நம் நாட்டில் ஒரு விமான நிறுவனத்தின் செலவில் எரிபொருள் மட்டுமே ஏறக்குறைய 30 முதல் 40 சதவீதம். அதன் விலையை உலகச் சந்தை தீர்மானிக்கிறது. 2017இல் வந்த ஜி.எஸ்.டி.யில் அது சேர்க்கப்படாததால் மாநில வரி வேறு. பெரும்பாலான விமானங்கள் குத்தகைக்கு எடுத்தவை, வாடகை டாலரில். ரூபாய் சரிந்தால் செலவு ஏறும். போட்டியின் காரணமாகக் கட்டணத்தையோ நினைத்தபடி உயர்த்த முடியாது. உர விலையும் நெல் விலையும் பிறர் கையில் இருக்கும் எங்கள் ஊர் உழவர் நிலைதான் இதுவும்!

பணம் தராவிட்டால் எண்ணெய் நிறுவனம் எரிபொருளை நிறுத்தும். குத்தகைக்காரர் விமானத்தையே எடுத்துக்கொள்வார். ஊழியர் மட்டும் 'இன்று வரும், நாளை வரும்' என்று வேலை பார்ப்பார். ஆகவே, கையைக் கடிக்கும்போது நிறுவனம் முதலில் கை வைப்பது சம்பளத்தில்தான். ஊழியரின் உழைப்பு அதற்கு வட்டியில்லாக் கடன்!

விமானி வேறிடம் போகலாமே என்பீர்கள். வணிக விமானி உரிமம் பெற 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும்; அதற்குப் பல லட்சம் ரூபாய் செலவு. போயிங் 737 ஓட்டியவர் ஏர்பஸ் ஏ320 ஓட்ட வேண்டுமானால் தனிப் பயிற்சியும் தனித் தகுதியும் தேவை. மேலும், தலைமை விமானி விலக ஓராண்டும், துணை விமானி விலக ஆறு மாதமும் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்று 2017இல் விதி வந்தது. நிறுவனமோ ஒரே இரவில் நின்றுவிடுகிறது. இது என்ன நியாயம்?

நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களைச் சுமந்து செல்பவரின் மனத்தில் வீட்டு வாடகைக் கவலை இருக்கலாமா? சம்பள பாக்கியையும் எஞ்சின் கோளாறு போல உடனே கவனிக்க வேண்டிய அபாயமாக அரசு கருத வேண்டும். பயணச்சீட்டு விற்ற பணத்தில் ஊதியத்துக்கென ஒரு பங்கைத் தனிக் கணக்கில் ஒதுக்கும்படி சட்டம் செய்தல் வேண்டும். எரிபொருள் இல்லாமல் விமானம் எழும்பாது என்பதை அறிந்தவர்கள், ஊதியம் இல்லாமலும் அது எழும்பக்கூடாது என்பதை உணர வேண்டும் என்பதே என் துணிபு.