தோளை எண்ணிச் செய்த குதிரை

எங்கள் ஊர் எல்லையைக் காப்பவர் அய்யனார். இரவில் அவர் சுற்றிவரக் குதிரை வேண்டும். அதை மண்ணில் செய்துகொடுப்பது குயவர்களான வேளார்களின் உரிமை. செய்த குதிரையை ஊரார் தோளில் தூக்கிக் கோயிலில் கொண்டுபோய் வைப்பதைச் சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் புரவி எடுப்பு என்போம். ஊரார் வேளாரிடம் ஒரு பிடி மண்ணை, அதாவது பிடிமண், கொடுத்தால்தான் வேலை தொடங்கும்.

மழை பொய்த்துக்கொண்டே போனதால், நின்றுபோயிருந்த புரவி எடுப்பை ஊர் மறுபடி நடத்த முடிவெடுத்தது. நான் திருப்பூர் வேலையை விட்டுவிட்டு, குதிரை செய்யும் வேளாரான என் மாமாவிடம் வந்து சேர்ந்தேன். பழையபடி ஆளுயரத்துக்கு மேல் குதிரை நிற்க வேண்டும், அவ்வளவுதான் என் எண்ணம்.

முதலில் கால்கள். மணலும் உமியும் சேர்த்துப் பிசைந்த களிமண்ணைத் தட்டிச் சுருட்டி, உள்ளே கூடாக நான்கு குழாய்கள். அவை பாரம் தாங்குமளவு இறுகிய பிறகே வயிறு. ஒரு சுற்று வைத்து, உள்ளே கல்லை அணைகொடுத்து, வெளியே பலகையால் தட்டி, விளிம்பில் ஈரத்துணி போட்டுவிட்டு எழுந்துவிட வேண்டும். விளிம்பு காய்ந்தால் அடுத்த சுற்று ஒட்டாது. கீழே காயாவிட்டால் மேல்பாரத்தில் பிதுங்கிவிடும். ஒரே உடம்பில் இரண்டு பதம்! மாமா விரல் முட்டியால் தட்டி, சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். வயிற்றில் துளை விடுவதும் அழகுக்கல்ல. சூளையில் நீராவி வெளியேற வழியில்லாவிட்டால் குதிரை வெடித்துவிடும்.

மண் மிதிக்க இப்போது மெஷின். கண்மாய் மண்ணுக்குத் தாலுகா ஆபீஸ் அனுமதி. சூளைக்குச் சீமைக் கருவேலம். கண்மாயைக் கெடுத்த மரம் அய்யனாருக்காக எரிகிறது, எரியட்டும். சுண்ணாம்பு போய் எனாமல் பெயிண்ட் வந்ததுதான் எனக்கு இன்றும் பிடிக்கவில்லை.

சண்டை வந்தது உயரத்தில். "தூக்க எத்தனை பேரு இருக்காக மாப்ளே? பயலுக பூரா சிங்கப்பூர்ல. தோளை எண்ணிட்டு வந்து உசரத்தைச் சொல்லு" என்றார் மாமா.

"அப்ப சிமெண்டுல ஒண்ணு கட்டிருவோமே மாமா? குளமங்கலத்துல முப்பத்து மூணு அடிக் குதிரை நிக்குதே."

"அது நிக்கட்டும். நம்மூர்ல அப்படிக் கட்டுனா அடுத்து யாரு பிடிமண்ணு குடுப்பா? ஊரு எதுக்குக் கூடும்?"

பதில் சொல்ல முடியவில்லை. மண்குதிரை வெயிலிலும் மழையிலும் சிதைகிறது. சிதைவதால்தான் ஊர் கூடுகிறது, வரி போடுகிறது, வெளியூர்ப் பிள்ளைகள் வருகிறார்கள். உயரத்தை விட்டுக்கொடுத்தேன், மண்ணை விடவில்லை.

குதிரை மார்பளவுதான் வந்தது. பொட்டலிலிருந்து கோயில்வரை தோள் மாற்றிக்கொள்ள ஆள் இருந்தது. உங்கள் ஊர் அய்யனாருக்குக் கடைசியாக எப்போது குதிரை எடுத்தார்கள் என்று பெரியவர்களிடம் கேளுங்கள். வேளார் வீட்டில் கை தெரிந்தவர் இருக்கும்போதே பிடிமண் கொடுத்துவிடுங்கள்.