முட்டையும் ஆழியும்

மதுராந்தகத்தில் இருப்பவர்க்கு உலாவ ஏரிக்கரை உண்டு. சற்றுத் தள்ளி வேடந்தாங்கல் உண்டு. இரண்டும் பழகிவிட்டபடியால், 2025 மாசியில் ஒரு சனிக்கிழமை காலை, தமிழாசிரியர்களாகிய நாங்கள் நால்வரும் செய்யூர் வழியாகக் கடற்கரைக்குச் சென்றோம். மணல்மேட்டில் ஏறி இறங்கும் நான்கு சக்கர வண்டிகளை அங்கே வாடகைக்கு விடுகிறார்கள் என்று மாணவர்கள் சொல்லியிருந்தனர். இந்த வயதில் இது தேவையா என்று வீட்டில் கேட்டார்கள். எவர் வீட்டில் என்று சொல்வதற்கில்லை.

ஓட்டுவது எளிது. வலக்கைப் பெருவிரலால் விசையை அழுத்தினால் போதும். அகன்ற சக்கரங்களில் காற்றைக் குறைவாகவே அடைத்திருப்பதால் மணலில் புதைவதில்லை. 1970இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தபோது இதற்கு மூன்றே சக்கரங்கள். அடிக்கடி கவிழ்ந்து உயிர்ப்பலி வாங்கியதால் 1988இல் அவ்வகை விற்பனை அங்கே நின்றது. நான்கு சக்கரம் நம்மைக் கவிழ்க்காது என்ற துணிவில் மேட்டின் உச்சிவரை ஏறினோம். ஒருபுறம் கடல், மறுபுறம் சவுக்குத் தோப்பு. கூச்சலிட்டோம் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

இறங்கும்போது, வலை பின்னிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் கையை வீசினார்.

"சார், அடப்பங்கொடி மேல ஏத்தாதீங்க. ராத்திரி ஆமை ஏறியிருக்குது."

அடப்பங்கொடி! நாங்கள் வகுப்பில் அடும்பு என்று சொல்லி, படமும் காட்டாமல் கடந்துபோகும் கொடி. அலை விளிம்பிலிருந்து மேலேறிய துடுப்புத் தடம் அக்கொடி ஓரத்தில் முடிந்திருந்தது; அங்கிருந்து வேறொரு தடம் கடலுக்குத் திரும்பியிருந்தது. இரண்டும் கூடுமிடத்தின் குறுக்கே எங்கள் சக்கரத்தடம்.

முட்டைகள் முழங்கை ஆழத்தில், நூறளவில் இருக்கும், உடைந்திராது என்றார். ஆனால் மணல் இறுகிவிட்டால் குஞ்சு மேலே வருவது கடினம். வந்தாலும் சக்கரப் பள்ளத்தில் விழுந்தால் கடலைக் காணாமல் அதற்குள்ளேயே ஓடும். வண்டிக்காரப் பையன் காலால் பள்ளத்தைத் தூர்த்தான். எங்களுக்கு இன்னும் பத்து நிமிடம் பாக்கி இருப்பதாகவும் நினைவூட்டினான்.

அகநானூற்றின் 160ஆம் பாடலை நாங்கள் நால்வருமே நடத்தியிருக்கிறோம். பாடியவர் குமுழிஞாழலார் நப்பசலையார். நிறைசூல் ஆமை அடும்புக் கொடி சிதைய வெண்மணலில் முட்டைகளைப் புதைக்கிறது. குஞ்சு வெளிவரும்வரை ஆண் ஆமை காவலிருக்கிறது. (கடலாமையில் ஆண் கரைக்கு வருவதில்லை, பெட்டையும் திரும்பிப் பார்ப்பதில்லை. அது புலவரின் ஆசை.) அதே பாடலில்தான் தலைவனின் தேரும் வருகிறது. முள்ளால் குத்தினால் குதிரை பாய்ந்துவிடுமென்று அஞ்சி வாரால் மட்டும் செலுத்துகிறார்கள். அப்படியும் ஆழி பட்டு நெய்தல் மொட்டுகளின் நுனி அறுபடுகிறது. முன்பு இரவில் வந்த தேர், இப்போது ஆரவாரிக்கும் இளையரோடு ஊரறியப் பகலில் வருகிறது. இதை உள்ளுறை என்றும், வரைவு என்றும் விளக்கித் தேர்வுக்கு ஐந்து மதிப்பெண் வினாவாக்கியிருக்கிறோம். முட்டையும் தேரும் ஒரே மணலில் இருப்பதைப் பற்றி எந்த மாணவரும் கேட்டதில்லை, நாங்களும் சொன்னதில்லை.

அந்த சனவரியில்தான் இக்கரையோரம் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கியிருந்தன. இழுவைப் படகுகளைக் குறைகூறி ஆசிரியர் அறையில் வெகுநேரம் பேசியிருந்தோம்.

முட்டை பொரிக்க ஏறத்தாழ ஐம்பது நாள் ஆகும். சித்திரையில் வந்து பார்ப்பதாக முதியவரிடம் சொல்லிவிட்டுத் திரும்பினோம். சித்திரையில் விடைத்தாள் திருத்தும் பணி வந்தது. போகவில்லை.