96 ஆட்டுக்குக் கணக்கு இருக்கு... மாலுமிக்கு?

திருவொற்றியூர் போவதென்றால் முன்பெல்லாம் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு கிளம்பு என்பார்கள். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் அப்படி வரிசை கட்டி நிற்கும்! 2021-ல் மெட்ரோ வந்த பிறகு அந்த அவஸ்தை குறைந்துவிட்டது. 'திருவொற்றியூர் தேரடி' ஸ்டேஷனில் இறங்கினால், நடக்கிற தூரத்தில் தியாகராஜ சுவாமி கோயில்.

ஒரு சனிக்கிழமை காலை போனேன். சாமி கும்பிட மட்டும் அல்ல, ஓர் ஆளைத் தேடியும்தான்!

யாரை? 1025-ல் ராஜேந்திர சோழனின் கப்பல் படை கடல் தாண்டிப் போய்க் கடாரத்தை ஜெயித்ததே... அதில் துடுப்புப் போட்ட, பாய் கட்டிய யாராவது ஒரு மாலுமி. ஒரே ஒரு பெயர் கிடைத்தால் போதும்.

ஏன் இங்கே என்கிறீர்களா? இந்தக் கோயில் கருவறையைக் கல்லில் எடுத்துக் கட்டியது ராஜேந்திரன் காலத்தில்தான். படுத்திருக்கும் யானையின் பின்பக்கம் மாதிரி வளைந்த தூங்கானை மாடம். கட்டிய சிற்பியின் பெயர் என்ன தெரியுமோ? ரவி! நம் ஆபீஸில் அடுத்த ஸீட்டில் உட்கார்ந்திருப்பாரே, அந்த மாதிரி சாதாரணப் பெயர். 'வீரசோழத் தச்சன்' என்பது அவருடைய பட்டம். ஆயிரம் வருஷமாகியும் கல்வெட்டில் ரவி இருக்கிறார்.

இன்னொருவர் கதை நெஞ்சைத் தொடும். வல்லபன் என்று ஒரு கேரளத்து வீரர். சோழ இளவரசன் ராஜாதித்தனின் உற்ற தோழர். 949-ல் தக்கோலத்தில் நடந்த போரில் ராஜாதித்தன் யானை மேலேயே உயிரை விட்டான். வல்லபன் அப்போது பக்கத்தில் இல்லை. 'கூடவே சாகாமல் போனோமே' என்று மனசு உடைந்து, திருவொற்றியூர் வந்து துறவியாகி, சதுரானன பண்டிதர் ஆனார். உயிரோடு தங்கிவிட்ட வீரனின் வேதனையைக்கூட இந்த ஊர்க் கல் எழுதி வைத்திருக்கிறது!

ஆடுகளையும் விட்டு வைக்கவில்லை. ஒரு நந்தா விளக்கு அணையாமல் எரிய 96 ஆடு என்பது சோழர் காலக் கணக்கு. சில இடங்களில் 90. அவற்றுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று கௌரவப் பட்டம் வேறு! சாவும் கிடையாது, கிழமாவதும் கிடையாது.

மாலுமி?

ம்ஹூம்!

சரி, இங்கேதான் இல்லை, செப்பேட்டில் இருக்குமோ? 1905-ல் கிடைத்த திருவாலங்காட்டுச் செப்பேடு ராஜேந்திரனுடையது. மொத்தம் 31 ஏடுகள். கடாரம் ஜெயித்த பெருமை அதில் வருகிறது. வடமொழிப் பகுதியைப் பாடிய கவிஞர் நாராயணன் பெயர் உண்டு. உளி பிடித்துப் பொறித்த காஞ்சிபுரத்துக்காரர்களின் பெயர்கள்கூட உண்டு. மெய்க்கீர்த்தியிலோ ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர் என்று ஆரம்பித்துக் கடாரம் வரை 13 இடங்களின் பெயர். கப்பலை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தவர் பெயர் மட்டும் எங்கேயும் இல்லை.

ராஜா காலம் போய் வெள்ளைக்காரன் காலம் வந்ததே, அப்போதாவது? சென்னைக்குத் துறைமுகம் இல்லாத நாட்களில் கப்பல்கள் நடுக்கடலிலேயே நிற்கும். அலையைத் தாண்டி ஆளையும் சரக்கையும் கரை சேர்த்தவர்கள் நம் மசூலாப் படகுக்காரர்கள். படகு கவிழ்ந்தால் பாய்ந்து தூக்கியவர்கள் கட்டுமரக்காரர்கள். அவர்களுக்குக் கம்பெனி அரசாங்கம் மெடல் கொடுத்ததாக அந்தக் காலப் பயணிகள் எழுதியிருக்கிறார்கள். மெடல் சரி, மார்பில் குத்திக்கொண்டவர் பெயர்?

எதிரிக்குக்கூட நம் ஊரில் கல் இருக்கிறது ஸார்! 1914 செப்டம்பர் 22 ராத்திரி ஜெர்மன் கப்பல் எம்டன் வந்து துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனதே, ஹைகோர்ட் மதில் சுவரில் அதற்கு ஒரு கல்வெட்டு. அந்தக் கப்பலில் தப்பிப் பிழைத்தவர்கள் தங்கள் குடும்பப் பெயரோடு 'எம்டன்' என்று சேர்த்துக்கொள்ள ஜெர்மனியில் அனுமதியே தந்தார்கள். பேரன் பேத்திக்கும் அது தொடரும். நாமும் சளைக்கவில்லை... சாமர்த்தியசாலியைப் பார்த்தால் 'சரியான எம்டன்!' என்கிறோம்.

திரும்பும்போது ராயபுரம் பக்கம், காசிமேட்டில் இறங்கினேன். மீன் ஏலம் முடிந்து, வலை பிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு 2015 டிசம்பர் ஞாபகம் வந்தது. வேளச்சேரியில் எங்கள் வீட்டுக் கீழ்த்தளம் முழுகி, மாடியில் இரண்டு நாள். மூன்றாம் நாள் ஒரு ஃபைபர் படகு வந்தது. வடசென்னை மீனவர்களும் லாரியில் படகை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கிய வெள்ளம் அது. லுங்கியை மடித்துக் கட்டிய ஒருவர் என் அம்மாவைக் குழந்தை மாதிரி தூக்கி உட்கார வைத்தார். பணம் நீட்டினேன். வாங்கவில்லை. அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

பெயர் கேட்கத் தோன்றவில்லை. ராஜேந்திரனின் கல்தச்சனைக் குறை சொல்ல வந்துவிட்டேன், பாருங்கள்!

வலை பிரித்தவரிடம் கேட்டேன்: "2015-ல இங்கேர்ந்து வேளச்சேரிக்குப் படகு போச்சே... யார் யார் போனாங்கன்னு தெரியுமாண்ணே?"

"நெறைய பேர் போனாங்க சார். யாருன்னு சொல்றது?"

"உங்க பேரு?"

சிரித்தார். வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"என் பேரு எதுக்கு சார்? நான் போவலியே!"